இரண்டு முழக் கயிறு

"கயிறு அறுந்து போச்சுங்க" என்று ஆள் வந்து சொன்னபோது, கிணற்றுக் கயிறு என்றுதான் நான் நினைத்தேன். கிணற்றுக் கயிறு அறுந்தால் வாளி போகும். பாதாளக் கரண்டி போட்டு எடுத்துவிடலாம். ஆனால் என் அண்ணனுடைய முகம் மாறியதைப் பார்த்ததும், விஷயம் வாளியோடு போகிற விஷயமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணன் என்றால் என் சிற்றப்பா மகன். எனக்கு நான்கு வயது மூத்தவர். ஆண்டிமடத்துப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். வருஷாவருஷம் தை பிறந்ததும், "பூ வந்திருக்கு, வந்து பார்த்துட்டுப் போ" என்று கூப்பிடுவார். அந்தச் செம்மண் பூமியில் முந்திரி பூத்திருக்கும்போது காற்றில் வருகிற வாசனைக்காகவே நானும் சென்னையிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை என்று அரியலூர் மாவட்டத்தின் இந்தப் பகுதியிலும், அடுத்தாற்போல் விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்திலும் முந்திரி வெறும் மரமல்ல. அதுதான் கல்யாணம், அதுதான் பள்ளிக்கூடச் சம்பளம், அதுதான் கடன் அடைக்கும் தவணை.

அந்தப் பூவுக்கு ஓர் எமன் உண்டு. தேயிலைக் கொசு என்று பெயர். பெயரில் கொசு இருந்தாலும் அது கொசு அல்ல. இளந்தளிரையும் பூங்கொத்தையும் குத்திச் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சி. குத்தின இடம் கறுத்து, கொத்தே தீயில் வாட்டியதுபோல் காய்ந்துவிடும். தளிர் விடும்போது ஒரு தரம், பூக்கும்போது ஒரு தரம், பிஞ்சு பிடிக்கும்போது ஒரு தரம் என்று மருந்தடிப்பார்கள். மரங்கள் தலைக்கு மேலே குடை விரித்து நிற்பதால் கைப்பம்பு எட்டாது. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தைப் புகைபோல் ஊதுகிற பவர் ஸ்பிரேயர் வேண்டும்.

அந்த ஸ்பிரேயரின் கயிறுதான் அறுந்துவிட்டது. இரண்டு முழம் நைலான் கயிறு. அன்று காலையில் தோப்பில் பாதிதான் மருந்து அடித்திருந்தார்கள்.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். அதற்குப் பிறகு வாசகர்களோடு கொஞ்சம் சண்டையும் போடப் போகிறேன். சண்டை உங்களோடு மட்டுமல்ல. முதல் குற்றவாளி நான்தான்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு, யந்திரம் வாங்கின கடைக்குப் போனார். அது பக்கத்து நகரம் ஒன்றில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் சிரிக்கிற விவசாயியின் படம். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "கயிறு தனியாக வராது சார். ஸ்பிரிங்கும் தனியாக வராது. ரீகாயில் ஸ்டார்ட்டர் முழு செட்டாகத்தான் மாற்றணும். ஆயிரத்து இருநூறு ரூபாய். இப்போ ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் பத்து நாளில் வரும்" என்றார்.

"பத்து நாள் பூச்சி காத்திருக்குமா தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

இளைஞர் பாவம், என்ன செய்வார்? "வெளியிலே எங்கேயும் பிரிக்காதீங்க சார், வாரண்டி போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். எழுதுகிறவர்களுக்கு யோசனை சொல்லுகிற வியாதி உண்டு. "பேசாமல் புதுசாக ஒன்று வாங்கிவிடலாமே, அண்ணே! எத்தனை நாளைக்கு இதையே கட்டிக்கொண்டு அழுவது?" என்றேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் சென்னை வந்து சேர்ந்த பிறகும் மறக்க முடியவில்லை. அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அங்கே இங்கே விசாரித்து இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஆண்டிமடத்திலேயே ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். சைக்கிள், மொபெட், ஸ்பிரேயர் எல்லாம் பார்க்கிற கடை. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். யந்திரத்தைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை இழுத்தீங்க?"

ஆளைக் கேட்டோம். "நாப்பது அம்பது தடவை இருக்குங்க. ஸ்டார்ட் ஆகவே இல்லே. வெறி வந்து ஒரே இழுப்பா இழுத்தேன்" என்றான்.

"அப்படிச் சொல்லு. கயிறு அறுந்து போகலே, நீ அறுத்தே" என்றார் பெரியவர்.

பிறகு ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். போன வருஷத்துப் பெட்ரோல் டாங்கியிலேயே கிடந்திருக்கிறது. அதைக் கொட்டச் சொன்னார். இப்போது பம்புகளில் விற்கிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2025-ல் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கும் இலக்கை எட்டிவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு ஒன்றுமில்லை. வருஷத்தில் பத்து நாள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் மூலையில் கிடக்கும் சிறு எஞ்சினுக்கு அது ஆகாது. பிளக்கைக் கழற்றினார், கரி பிடித்து ஈரமாக இருந்தது. எண்ணெய்க் கலவையைக் கேட்டார். "குத்துமதிப்பா ஊத்துவேன்" என்றான் ஆள். இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 40 மில்லி; ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி. எது என்பதை யந்திரத்தின் கையேட்டில் போட்டிருக்கும். கூடினால் பிளக் அடைக்கும். குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். குத்துமதிப்புக்கு அங்கே இடமில்லை.

அதற்கப்புறம்தான் கயிற்றுக்கு வந்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வாசகர்களில் யாருக்காவது என்றைக்காவது பயன்படும்.

முதலில் பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைத்தார். கை வேலை செய்யும்போது எஞ்சின் தவறிக்கூட உயிர் பெறக் கூடாது. ஓரத்து ஸ்குருக்களைக் கழற்றினதும் ஸ்டார்ட்டர் மூடி தனியாக வந்தது. உள்ளே பார்த்தால், கடவுளே, இவ்வளவுதானா என்று இருந்தது! கயிறு சுற்றுகிற ஒரு கப்பி. அதற்கடியில் கடிகாரத்தில் இருப்பதுபோலச் சுருண்டு கிடக்கிற பட்டை ஸ்பிரிங். கப்பியின் மேல் சின்னதாய் ஒரு பிடிநாக்கு. இவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் கப்பி சுழல்கிறது. பிடிநாக்கு வெளியே நீண்டு எஞ்சினின் சக்கரத்தைக் கவ்விச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தில் உள்ள காந்தம் சுழலுகிற வேகத்திலேயே தீப்பொறி பிறக்கிறது. பாட்டரி வேண்டாம். முதுகில் சுமக்கிற யந்திரத்துக்குப் பாட்டரிக் கனம் கூடாது என்பதற்காகவே மனிதனுடைய தோள்பட்டையைப் பாட்டரியாக்கியிருக்கிறார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் நாக்கு உள்ளே போய்விடும். ஸ்பிரிங் கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும்.

"இந்த ஸ்பிரிங்குதான் நல்ல பாம்பு. கப்பியை வெடுக்குனு தூக்கினா மூஞ்சியிலே பாயும்" என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கப்பியை முன்னும் பின்னும் லேசாக அசைத்து ஸ்பிரிங்கின் கொக்கியை விடுவித்த பிறகே தூக்கினார். கொக்கி தேய்ந்திருந்தது. "இதை அப்படியே வளைச்சா ஒடிஞ்சிடும். விறைப்பு ஏத்தின இரும்பு" என்றார். நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் வளைத்து, தானாக ஆறவிட்டார். மற்ற பாகத்தில் சூடு பட்டால் ஸ்பிரிங் செத்துவிடுமாம்.

பிறகு, கயிறு வெளியே வருகிற துளையைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். அதன் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து கத்திபோல் விளிம்பு கட்டியிருந்தது. நேராக இழுக்காமல் கோணலாக இழுத்து இழுத்து வந்த வினை. "இதைப் பார்க்காம புதுக் கயிறு போட்டா, பதினஞ்சு நாள்லே மறுபடியும் என்கிட்டேயே வருவீங்க. எனக்கு லாபந்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அந்த வளையத்தை மாற்றினார்.

கயிற்றை எடுத்தார். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு அல்ல. அது உரசலில் சூடேறி இளகிவிடும். பின்னல் போட்ட நைலான் கயிறு, பழைய கயிற்றின் அதே பருமன். தடித்த கயிறு போட்டால் கப்பியில் அடங்காமல் மூடியில் உரசும். நுனியைத் தீக்குச்சியால் உருக்கி, விரலை எச்சில் பண்ணி உருட்டி, கப்பியில் முடிச்சிட்டுச் சுற்றினார். சில சுற்று முன்கூட்டியே ஸ்பிரிங்கை முறுக்கி வைத்தார். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கயிறு மொத்தமும் வெளியே வந்த பிறகும், கப்பியைக் கையாலே இன்னும் அரைச் சுத்தாவது சுத்த முடியணும். அந்த அரைச் சுத்து மிச்சம் இல்லேன்னா, இழுக்கிற இழுப்புலே ஸ்பிரிங் தெறிச்சிடும். ரொம்ப முறுக்கினவன் ஸ்பிரிங்கை ஒடிப்பான். முறுக்காதவனுக்குக் கயிறு உள்ளே போகாது."

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆளைக் கூப்பிட்டு இழுக்கவும் கற்றுக் கொடுத்தார். முதலில் மெல்ல இழு. எஞ்சின் எதிர்க்கிற இடம் வரும். அங்கே நிறுத்தி, கயிற்றை உள்ளே விட்டு, அப்புறம் நேராக, ஒரே சீராக இழு. எஞ்சின் பிடித்ததும் பிடியைக் கைவிட்டுவிடாதே. அதோடு கூடவே கையைக் கொண்டுபோய் விடு. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் உறுமியது. கூலி நூற்றைம்பது, கயிறும் வளையமும் எழுபது. ஆக 220 ரூபாய்.

இந்தச் சமர்த்தான முடிவோடு கதையை முடித்துவிடலாம். ஆனால் நிஜம் அப்படி முடியவில்லை. அந்த மூன்று நாளில், மருந்து படாத மேலண்டைப் பக்கத்தில் பூங்கொத்துகள் கறுத்துவிட்டன. சித்திரையில் கொட்டை பொறுக்கும்போது அந்தப் பக்கத்து மரங்களில் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். இரண்டு முழக் கயிற்றின் விலை அது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

கயிறு ஏன் தனியாக வராது? ஸ்பிரிங் ஏன் தனியாக வராது? அவற்றைத் தனித்தனியாகச் செய்துதானே ஒன்றாகப் பூட்டினார்கள்? ஒன்றாகப் பூட்டினதைத் தனித்தனியாக விற்க முடியாது என்பது யந்திர சாஸ்திரமல்ல, வியாபார சாஸ்திரம். சட்டையில் பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்று என்று தையற்காரன் சொன்னால் நாம் சிரிப்போம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து அதையே சொன்னால், "டெக்னிக்கல் விஷயம்" என்று தலையை ஆட்டுகிறோம்.

இது என் ஒருவனுடைய முணுமுணுப்பு அல்ல. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் உற்பத்தியாளர்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு. ஆனால் தெருவோர மெக்கானிக்குக்குப் பாகம் கிடைக்க வேண்டும் என்பது ஒரு நியாயமான கோரிக்கை என்று அன்றே பதிவாகிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தது. அது கவனிக்க வேண்டியவை என்று எழுதப்பட்ட நான்கு துறைகளில் முதலாவது எது தெரியுமா? விவசாயக் கருவிகள். கைபேசியும், வீட்டுச் சாமான்களும், மோட்டார் வண்டிகளும் அதற்குப் பின்னால். அந்த டிசம்பரில் அதற்கொரு இணையதளமும் திறந்தார்கள். 2025-ல் வேறொரு குழு, பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் போடுவதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அது எதைப் பற்றி? கைபேசிகளையும் மின்னணுச் சாதனங்களையும் பற்றி. வரிசையில் முதலில் நின்ற விவசாயி இன்னும் வரிசையிலேயே நிற்கிறார்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், விவசாய யந்திரங்களைச் சொந்தக்காரனே பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கு 2023-ல் சட்டம் செய்து, 2024 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரான்ஸில் 2021-ல், சலவை யந்திரம் போன்ற சில சாமான்களின் மேல், அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பெரிய பெரிய டிராக்டர் வைத்திருக்கிற தேசத்து விவசாயிக்கே சட்டத்தின் துணை தேவைப்படுகிறதென்றால், ஐந்து ஏக்கர் முந்திரிக்காரருக்கு வேண்டாமா?

நமது நாட்டில் யந்திரம் வாங்குவதற்கு மானியம் இருக்கிறது. 2014-15-லிருந்து நடக்கும் மத்திய வேளாண் யந்திரமயத் திட்டத்தில், களை எடுக்கும் யந்திரம் முதல் டிராக்டர் வரை நாற்பது, ஐம்பது சதவிகிதம் மானியம் உண்டு. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மானியம் கொடுக்கிற அரசாங்கம் ஒரு நிபந்தனையும் சேர்த்துப் போடலாமே! "இந்த யந்திரத்தின் கயிறும், ஸ்பிரிங்கும், பிடிநாக்கும் பத்து வருஷத்துக்குத் தனித்தனியே, விலை போட்டு, கிடைக்க வேண்டும், பாகங்களின் படமும் பெயரும் தமிழில் கையேட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியப் பட்டியலில் உனக்கு இடமில்லை" என்று. வாங்குகிற அன்று மாலை போடுவதோடு கடமை முடிந்ததென்றால், அது கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டுக் குடித்தனத்தைப் பற்றிக் கேட்காத உறவினரின் அன்புதான்.

கம்பெனியையும் அரசாங்கத்தையும் திட்டுவது சுலபம். வாசகர்களுக்கும் அது பிடிக்கும். ஆகையால் அதை இத்தோடு நிறுத்திவிட்டு, பிடிக்காத ஒன்றைச் சொல்லுகிறேன்.

அந்தக் கடையில் "புதுசு வாங்கிவிடலாமே" என்று சொன்னவன் கம்பெனிக்காரன் அல்ல, நான். படித்தவன், புத்தகம் எழுதுகிறவன், உழைப்பாளியின் பெருமையைப் பக்கம் பக்கமாக வர்ணித்தவன். என் நாவல்களில் கையில் எண்ணெய்க் கறை படிந்த கதாநாயகன்கூட ஒருவன் வருகிறான். அவனுடைய கண்களையும் கம்பீரத்தையும் வர்ணித்தேனே தவிர, அவன் கையில் என்ன திருப்புளி வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது!

நாம் எல்லாரும் இப்படித்தான். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, யந்திரத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், பொரிகடலை படைக்கிறோம். மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் அதைத் திறந்து பார்ப்பவனை இரண்டாந்தர மனிதனாக நடத்துகிறோம். பையன் கடிகாரத்தைப் பிரித்தால் முதுகில் அறைகிறோம். அதே பையனை என்ஜினீயரிங் காலேஜில் சேர்க்க நிலத்தை விற்கிறோம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, ஏறி ஊர் சுற்றுவதற்கு முன் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார் என்று சொல்வார்கள். பிரித்துப் பார்த்த அந்தக் கைதான் 1937-ல் இந்த நாட்டின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்குவதிலும் பங்கு கொண்டது. அவர் நம் வீட்டில் பிறந்திருந்தால், "வாரண்டி போயிடும், தொடாதே" என்று சொல்லியிருப்போம்.

ஆட்சேபங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். "அந்த ஸ்பிரிங் கண்ணைக் குத்திவிட்டால்?" என்பார்கள். குத்தும், அதனால்தான் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். ஆபத்து என்பது கற்றுக்கொள்வதற்குக் காரணமே தவிர, கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணமல்ல. அடுப்பும் சுடத்தான் சுடும். "தெருவோர மெக்கானிக் போலிச் சாமான் போட்டு யந்திரத்தைக் கெடுத்துவிடுவான்" என்பார்கள். சில பேர் கெடுப்பார்கள்தான். ஆனால் அசல் சாமானை அவனுக்கு விற்க மறுப்பதும் நீங்கள். அவன் போலி போடுகிறான் என்று குறை சொல்வதும் நீங்கள் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

இன்னும் புத்திசாலிகள் வேறொன்று சொல்வார்கள்: "இந்தப் புகை கக்கும் எஞ்சின்களுக்குக் காலம் முடிந்துவிட்டது, ஐயா! கலிபோர்னியாவில் 2024 மாடல் முதல், தோட்டத்துச் சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றைப் புதிதாக விற்கவே முடியாதபடி விதி செய்துவிட்டார்கள். பாட்டரி ஸ்பிரேயர் வந்துவிட்டது. கயிற்றுக்காக ஏன் அழுகிறீர்?" வரட்டும், புகை போனால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் பாட்டரிக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அதற்குள் இருக்கும் பத்து செல்லில் ஒன்று கெட்டால், ஒன்றை மட்டும் மாற்ற விடுவார்களா, அல்லது பசை போட்டு ஒட்டின பெட்டியோடு முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமா? கயிற்றில் விட்டுக்கொடுத்தவன் பாட்டரியில் வாயைத் திறக்க முடியாது. இன்று இரண்டு முழக் கயிற்றில் தொடங்கும் வழக்கு நாளைக்கு எல்லாச் சாமான்களின் வழக்கும் ஆகும்.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்தன. தலைமுறை மரங்கள் பாதையை மறித்துக் கிடந்த அந்த மாதிரி நாட்களில், வழியை வெட்டித் திறப்பது மரமறுக்கும் மோட்டார் ரம்பம். அதுவும் கயிற்றை இழுத்துத்தான் ஓடும். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை, கண்ணாடிக் கதவுக் கடையும் இல்லை என்கிற அன்றைக்கு, ஊருக்குள் கயிறு மாற்றத் தெரிந்த கை ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு "பத்து நாளில் வரும்" என்பது பதிலாகாது.

அந்தக் கை எத்தனை நாள் இருக்கும்? பெரியவரைக் கேட்டேன், "உங்களுக்கு அப்புறம் இந்தக் கடையை யார் பார்ப்பார்கள், ஐயா?" என்று.

"பையன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். அங்கே ஒரே போல்ட்டை நாள் பூரா முடுக்கறானாம். 'நீ எவ்வளவோ மேல்ப்பா'ன்னு போன்லே சொல்றான். ஆனா திரும்பி வர மாட்டேங்கறான். பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்" என்றார்.

பெண் கொடுக்க மாட்டார்களாம்! வாசகர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்குக் கம்பெனியும் அரசாங்கமும் பொறுப்பில்லை. மாப்பிள்ளைக்குக் கை கறுப்பாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது யார்? நம் வீட்டுக் கூடத்தில், நாம் உட்கார்ந்து செய்த முடிவு அது. அந்த முக்காலி காலியாகப் போவதற்கு நாமும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நான் பெரிய பெரிய காரியங்களைக் கேட்கவில்லை. கம்பெனிகள் பாகத்தைத் தனியாக விற்கட்டும். மானியம் கொடுப்பவர்கள் அதைக் கட்டாயமாக்கட்டும். பள்ளிக்கூடங்களில் வாரத்தில் ஒரு மணி நேரம், ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பழைய ஸ்டார்ட்டரையாவது பிரித்துப் பூட்டக் கற்கட்டும். ஆண்டிமடத்துப் பெரியவரைப் போன்றவர்களை வாத்தியாராகச் சம்பளம் கொடுத்து அழைக்கட்டும். நாம், நம் வீட்டில் ஏதாவது உடைந்தால், தூக்கி எறிவதற்கு முன் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். இதில் எது முடியாத காரியம்?

கடைசியாக ஒன்று. அன்று புறப்படுவதற்கு முன் பெரியவரிடம், கடையில் கிடந்த ஒரு பழைய ஸ்டார்ட்டரை வாங்கி, "நானும் ஒரு தடவை கயிறு போட்டுப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தேன். கயிற்றை மறுபக்கமாகச் சுற்றிவிட்டேன். மறுபடி பிரித்து, சரியாகச் சுற்றி, மிகவும் உற்சாகமாக ஸ்பிரிங்கை முறுக்கினேன். பெரியவர் கயிற்றை முழுவதும் இழுத்துப் பார்த்தார். கப்பி அசையவில்லை.

"அரைச் சுத்து மிச்சம் வைக்கலியே ஐயா! ஒரு சுத்து தளர்த்துங்க" என்றார்.

தளர்த்தினேன். அதற்குள் அண்ணன் மருந்துப் பாத்திரத்தை வண்டியில் கட்டி முடித்திருந்தார். மேலண்டைத் தோப்புக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது.